காடி வாங்கப் போகிறவர்கள் காலையில் போங்கள்

சுங்கை சிப்புட்டில் நான் பட்டறை வைத்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. சுற்றியுள்ள தோட்டங்களில் இருந்து வரும் காடிகள்தான் எனக்குச் சோறு போடுகின்றன. பழைய செடான் கார் ஒன்றை ஆசையாக வாங்கி, மறுவாரமே அதை இழுத்துக்கொண்டு வந்து என் வாசலில் நிறுத்துகிறவர்கள் மாதத்துக்கு இரண்டு பேராவது உண்டு. எல்லாரும் சொல்லிவைத்த மாதிரி ஒன்றைத்தான் கேட்பார்கள்: "அண்ணே, மீட்டர் தொண்ணூறாயிரம்தானே ஓடியிருக்கு? அதுக்குள்ள எப்படி?"

போன வருடம் ஈப்போவில் வேலை பார்க்கும் ஒரு தம்பி, தோட்ட லாரி ஓட்டும் தன் மாமாவையும் கூட்டிக்கொண்டு வந்தான். இரண்டு காடி பார்த்து வைத்திருந்தான். ஒன்று காடிக் கடையில் பளபளவென்று நிற்கிறது, மீட்டர் 94,000 கிலோமீட்டர். இன்னொன்று 2012 டொயோட்டா வியோஸ், சொந்தக்காரரே விற்கிறார், மீட்டர் 238,000. மாமாவுக்கு இரண்டாவதைப் பற்றிப் பேசவே இஷ்டமில்லை. "ரெண்டு லட்சம் ஓடினதை எவனாவது வாங்குவானா?" என்றார். லாரி ஓட்டுகிறவரே இப்படிச் சொல்வது எனக்குச் சிரிப்பாக இருந்தது. அவர் ஓட்டும் லாரி எத்தனை லட்சம் ஓடியதோ!

எவ்வளவு ஓடியது என்பதைவிட எப்படி ஓடியது என்பதுதான் என் முதல் கேள்வி. அந்த வியோஸ்காரர் விற்பனைப் பிரதிநிதி. ஈப்போவில் இருந்து கோலாலம்பூருக்கு வாரம் ஒரு முறை போய்வருவார். போக வர 400 கிலோமீட்டர், வருடத்துக்கு 20,000. கணக்கு மீட்டரோடு ஒத்துப்போகிறது. நெடுஞ்சாலையில் எஞ்சின் நன்றாகச் சூடேறி ஒரே சீராக ஓடும். கியர் மாறுவது குறைவு, பிரேக் மிதிப்பது குறைவு. அந்த மாதிரி இரண்டு லட்சம் எனக்குப் பயம் தருவதில்லை.

நம் தோட்டத்து ஓட்டம் வேறு. காலையில் பிள்ளையைத் தமிழ்ப் பள்ளியில் விட மூன்று கிலோமீட்டர், கடைக்கு இரண்டு, கோயிலுக்கு ஒன்று. எஞ்சின் சூடேறும் முன்பே அணைத்துவிடுவோம். எரியாத பெட்ரோலும் உள்ளே படியும் ஈரமும் எண்ணெயில் கலந்து, நாளடைவில் கறுப்புச் சேறாகத் திரண்டு எண்ணெய் போகும் வழியை அடைக்கும். இதற்கு மேல் செம்மண் புழுதி ஏர் ஃபில்டரை அடைக்கிறது, செம்பனை லாரிகள் பறித்த குழிகள் குலுக்கலைத் தாங்கும் அப்சோர்பரைக் கொல்கின்றன. மீட்டரில் எழுபதாயிரம் இருக்கலாம், உள்ளே எஞ்சின் கிழவனாகியிருக்கும். "ஆசிரியை ஓட்டினது, கொஞ்சம்தான் ஓடுச்சு" என்று விற்பவர் சொன்னால் நான் காதைத் தீட்டிக்கொள்வது இதனால்தான்.

அதோடு, மீட்டர் எண்ணே உண்மையா என்பது தனிக் கேள்வி. இப்போதைய டிஜிட்டல் மீட்டரைத் திருப்ப ஒரு சின்னக் கருவியும் கொஞ்ச நேரமும் போதும். ஆனால் தேய்மானத்தைத் திருப்ப முடியாது. பிரேக் பெடலின் ரப்பர், ஸ்டீரிங்கில் கை பிடிக்கும் இடம், ஓட்டுநர் இருக்கையின் வெளிப்பக்க ஓரம், இந்த மூன்றும் வழுக்கையாகத் தேய்ந்திருந்தால் அது எண்பதாயிரம் ஓடிய காடி இல்லை. எல்லாம் புத்தம் புதிதாக மாற்றப்பட்டிருந்தாலும் சந்தேகப்படுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் செய்தது. நான்கு டயரும் வெவ்வேறு வயதில் இருந்தால் கதை கேளுங்கள்.

அந்தக் கடைக் காடியில் எங்களுக்குத் துப்புக் கொடுத்தது ஒரு ஸ்டிக்கர். எஞ்சின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறக்கவைக்கும் டைமிங் பெல்ட்டை மாற்றினால் எந்தக் கிலோமீட்டரில் மாற்றினோம் என்று எழுதி எஞ்சின் பக்கத்தில் ஒட்டிவைப்பது எங்கள் வழக்கம். எஞ்சினைக் கழுவி, மெழுகு பூசி, எல்லாம் செய்தவர்கள் பெல்ட் மூடியின் ஓரத்தில் இருந்த அழுக்குத் துண்டை மட்டும் விட்டுவிட்டார்கள். விரலால் துடைத்தேன். 142,000. மீட்டரோ 94,000. மாமா அந்த ஸ்டிக்கரை இரண்டு முறை படித்தார். அப்புறம் பேசவே இல்லை.

காடி அதிகாரபூர்வ சர்வீஸ் மையத்தில் பராமரிக்கப்பட்டிருந்தால், ஒவ்வொரு முறை வந்தபோதும் இருந்த மீட்டர் எண் அவர்கள் கணினியில் இருக்கும். சொந்தக்காரரையும் கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள். வர மறுத்தால் அதுவும் ஒரு பதில்தான்.

தலைப்புக்கு வருகிறேன். காடியைப் பார்க்கக் காலையில் போங்கள், அதுவும் சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னால். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதுதான் உண்மையைப் பேசும். போனதும் முதலில் பானெட் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்பே ஸ்டார்ட் செய்துவிட்டார்கள், இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். குளிர்ந்திருந்தால், உங்களோடு வந்தவரைப் புகைக்குழாய்ப் பக்கம் நிறுத்திவிட்டு ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீலப் புகை வந்தால் எஞ்சின் எண்ணெய் எரிகிறது. முதல் சில நொடி மட்டும் வந்து நின்றால் பெரும்பாலும் வால்வு சீல். ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க வந்துகொண்டே இருந்தால் பிஸ்டன் ரிங், அது பெரிய வேலை. காலைப் பனியில் லேசாக வெள்ளை ஆவி வருவது இயல்புதான். எஞ்சின் சூடேறிய பிறகும் நிற்காத வெள்ளைப் புகை என்றால் தண்ணீர் உள்ளே போகிறது, ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும்.

ஸ்டார்ட் செய்யும் முன்பே எண்ணெய் மூடியைத் திறந்து அடியில் பாருங்கள். பால்காப்பி நிறத்தில் பசை இருந்தால் தண்ணீர் கலந்திருக்கலாம். ரேடியேட்டர் மூடியை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் திறக்க வேண்டும், சூட்டில் திறந்து முகம் வெந்தவர்களை எனக்குத் தெரியும். உள்ளே பச்சை, சிவப்பு என்று கூலன்ட் நிறம் இருந்தால் சரி. துருத் தண்ணீர் இருந்தால், இத்தனை வருடமும் குழாய்த் தண்ணீரை ஊற்றியே ஓட்டியிருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் எஞ்சின் கொதித்து வரும் காடிகளில் பாதிக்கு இந்தத் துருதான் காரணம் என்பது என் கைக்கணக்கு. இப்போது பல காடிகளில் சூட்டைக் காட்டும் முள்ளே கிடையாது, நீல விளக்கும் சிவப்பு விளக்கும் மட்டும்தான். சிவப்பு எரியும்போது ஏற்கெனவே தாமதம்.

டைமிங் பெல்ட்டா செயினா என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள். வியோஸ், சிட்டி, பெஸ்ஸாவில் செயின். புரோட்டோனின் வாஜா, கேம்ப்ரோ எஞ்சின் போட்ட பெர்சோனா போன்றவற்றில் பெல்ட். பெல்ட்டை மாற்றிய ரசீது இல்லை என்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு விலை பேசுங்கள். கேம்ப்ரோவில் ஓடும்போது பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வை இடித்து வளைத்துவிடும். சில நூறு வெள்ளி வேலை அப்போது சில ஆயிரம் ஆகும்.

ஆட்டோ கியரைச் சோதிக்கும்போது அவசரப்படாதீர்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டு ஆர் (பின்னால்), டி (முன்னால்) என்று மாற்றிப் பாருங்கள். ஒரு நொடிக்கு மேல் யோசித்துவிட்டு டொக்கென்று விழுந்தால் பணத்தைப் பையிலேயே வைத்திருங்கள். கியர் எண்ணெய் பார்க்கக் குச்சி உள்ள காடியாக இருந்தால் முகர்ந்து பாருங்கள், கருகல் வாடை மூக்குக்கே தெரியும். படிப்படியாக மாறாமல் சீராக மாறும் சிவிடி கியர் என்றால் நான் இன்னும் கண்டிப்பு: கியர் எண்ணெய் மாற்றிய ரசீது இல்லாத, லட்சத்தைத் தாண்டிய சிவிடி காடியை என் சொந்தத் தம்பிக்கு வாங்கச் சொல்ல மாட்டேன்.

அப்புறம் ஏர்கோனைப் போட்டு அரை மணி ஓட்டுங்கள். கொஞ்சம் நெடுஞ்சாலை, கொஞ்சம் தோட்டத்துக் குழிச்சாலை, ஒரு மேடு. ஸ்டீரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது டக் டக் என்று கேட்டால், சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட் தேய்ந்திருக்கிறது. அப்சோர்பர், புஷ், எஞ்சின் மவுண்ட் எல்லாம் இரண்டு லட்சம் ஓடிய காடியில் தேய்ந்துதான் இருக்கும். அதற்காக நல்ல எஞ்சினை வேண்டாம் என்காதீர்கள், விலையைக் குறைக்கச் சொல்லுங்கள்.

2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா பக்கம் காடிகள் மூழ்கியதை எல்லாரும் பார்த்தோம். வெள்ளத்தில் நின்ற காடிகள் கழுவித் துடைக்கப்பட்டு வேறு ஊர்களில் விற்பனைக்கு வரும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக் கோடு அங்கேதான் ஒளிந்திருக்கும். ஸ்பேர் டயர்க் குழியையும் இருக்கைக்கு அடியில் உள்ள கம்பியின் துருவையும் பாருங்கள். தோட்டத்துக் காடி என்றால் எலி கடித்த வயரையும் தேடுங்கள். செம்பனைக்கு எலி பிடிக்க ஆந்தை வளர்க்கிறார்கள், காடிக்கு யார் வளர்ப்பது?

ஸ்கேனர் வைத்திருக்கும் போமனை, அதாவது மெக்கானிக்கை, கூட்டிப் போனால், பிழைக் குறிகளோடு நிறுத்தாமல் காடி தானாகச் செய்யும் சோதனைகள் முடிந்திருக்கின்றனவா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். பல சோதனைகள் முடியாமல் இருந்தால் அண்மையில் குறிகளை அழித்திருக்கலாம், இல்லை பேட்டரியைக் கழற்றியிருக்கலாம்.

வாகனச் சோதனை மையமான புஸ்பாகோமின் பெயரைச் சொல்லி "புஸ்பாகோம் பாஸ்" என்பார்கள், அதைக் கேட்டு ஏமாறாதீர்கள். பெயர் மாற்றத்துக்கான பி5 சோதனை முக்கியமாகப் பார்ப்பது எஞ்சின் எண், சேசிஸ் எண் போன்ற அடையாளங்களை. வேறு காடியோடு வெட்டி ஒட்டிய காடியைப் பிடிக்க அது அவசியம். உங்கள் கியர்பாக்ஸ் எத்தனை நாள் தாங்கும் என்று அது சொல்லாது.

அந்தத் தம்பி வியோஸைத்தான் வாங்கினான். பன்னிரண்டு வருட ரசீதையும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுக் கொடுத்தாராம் பழைய சொந்தக்காரர். கையில் மூவாயிரம் வெள்ளி ஒதுக்கிவைக்கச் சொல்லியிருந்தேன். எண்ணெய்கள், கூலன்ட், ஒழுகிய வாட்டர் பம்ப், முன் அப்சோர்பர் இரண்டு, எல்லாம் சேர்த்து ஆயிரத்து நானூறு ஆனது. போன வாரம் எண்ணெய் மாற்ற வந்தான், மீட்டர் 257,000. கூட வந்திருந்த மாமா பானெட்டைத் திறந்து எண்ணெய்க் குச்சியை உருவி, என்னைப் பார்க்காமலே, "நம்மகிட்ட ஓடின லாரியே நாலு லட்சம்" என்றார்.