மெல்போர்ன்ல இருக்கற சீன அம்மாக்களுக்கு கவுன்சில் சைடுல என்ன கிடைக்கும்?

ஆஸ்திரேலியாவுல விக்டோரியா மாநிலத்துல குழந்தை பொறந்தா ஆஸ்பத்திரியே அந்த ஏரியா கவுன்சிலுக்கு (நம்ம ஊரு நகராட்சி மாதிரி) தகவல் அனுப்பிடும், அப்புறம் தாய்சேய் நல நர்ஸ் ஃபோன் பண்ணிட்டு முதல் விசிட்டுக்கு வீட்டுக்கே வருவாங்க. மொத்தம் 10 விசிட், கடைசி விசிட் குழந்தைக்கு மூன்றரை வயசுல, எல்லாமே இலவசம்.

மெல்போர்ன்ல பாக்ஸ் ஹில், கிளென் வேவர்லி ஏரியா பக்கம் சீனக் குடும்பங்கள் நிறைய. அவங்கள்ல பலபேர் பிரசவம் முடிஞ்சு ஒரு மாசம் 'சுவோ யுவெத்ஸ்' இருப்பாங்க, அதாவது வெளிய போகாம, பச்சத்தண்ணி தொடாம, இஞ்சி போட்ட சூடான சாப்பாடு மட்டும் சாப்ட்டுட்டு (பத்தியச் சாப்பாடு சாப்ட்ட நமக்கு இது ஒண்ணும் அதிசயம் இல்ல). சிக்கல் என்னன்னா 2வது வாரம், 4வது வாரம் விசிட் ரெண்டும் இந்த மாசத்துக்குள்ளயே வந்துடும், அதுக்கு தாய்சேய் நல சென்டருக்குப் போகணும். 4வது வாரத்துல அம்மாவோட உடம்பு, மனசு ரெண்டையும் கேப்பாங்க, அதனால சும்மா கேன்சல் பண்ணிடாம நர்ஸ்கிட்ட காரணத்த சொல்லி வேற வழி இருக்கான்னு கேக்கறது நல்லது. நர்ஸும் "வெளிய நடங்க"ன்னு ஒரே பேச்சா சொல்லாம வீட்டு வழக்கம் என்னன்னு முதல்ல கேட்டா பாதி பிரச்சனை அங்கயே முடிஞ்சிடும்.

மாண்டரின், கான்டனீஸ் ரெண்டுக்கும் மொழிபெயர்ப்பாளர் கேக்கலாம், காசு தர வேணாம். வெக்கப்படாம கேளுங்க. மாமியார வச்சு சமாளிக்கறது எனக்கு சரியாப் படல, ஏன்னா பிரசவத்துக்கு அப்புறம் வர்ற மனச்சோர்வக் கண்டுபிடிக்க 10 கேள்வி கொண்ட எடின்பரோ ஸ்கேல்னு ஒண்ணு இருக்கு, பக்கத்துல மாமியார் உக்காந்திருந்தா எந்த மருமக உண்மைய சொல்லுவா? அந்த ஸ்கேல் சீன மொழியிலயும் இருக்கு. ராத்திரி ஏதாவது சந்தேகம்னா தாய்சேய் நல ஃபோன் லைன் 13 22 29, 24 மணி நேரமும் நர்ஸ் பேசுவாங்க. இங்கிலீஷ் வராதவங்க முதல்ல 131 450க்கு அடிச்சு மொழிபெயர்ப்பாளர் மூலமா கனெக்ட் பண்ணச் சொல்லலாம்.

முதல் குழந்தைன்னா பெற்றோர் குரூப்பும் உண்டு. சில வாரம் நர்ஸ் நடத்துவாங்க, அப்புறம் அம்மாக்களே தொடரலாம். ஊர்லேந்து வந்த பாட்டி விசா முடிஞ்சு கிளம்பினதும் வீடு காலியாயிடும்ல, அப்ப இந்த குரூப்தான் கைகொடுக்கும், அதுவும் அவங்க மொழியிலயே ஒரு அம்மா முன்ன நின்னு நடத்தினா வர்றவங்க தயங்காம வாயத் திறப்பாங்க. ஆனா மொழி தெரியும்ங்கறதுக்காக அந்தம்மா தலையிலயே எல்லா வேலையையும் ஓசில கட்டக்கூடாது. ரூம், ட்ரெய்னிங், டீச்செலவுக்கு கவுன்சில்ல கம்யூனிட்டி கிராண்ட் (குரூப்புகளுக்குக் குடுக்கற நிதியுதவி) திறக்கறப்ப குரூப்பா சேந்து அப்ளை பண்ணுங்க.