வளவுக்குள் யார் வரலாம்? இரண்டு மென்பொருள் விதிகள் ஒரே கதவில் முட்டும்போது

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் பழைய செட்டிநாட்டு வீடுகள் சில இப்போது ஹோட்டல்கள். அறைகளை வாடகைக்கு விட்டாலும் பங்காளிகளின் பாத்தியதை போய்விடாது. முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் வளவு, அதாவது வீட்டின் நடு முற்றம் உள்ள பகுதி, வேண்டும். அப்படியொரு வீட்டில் கார்டு பூட்டு மாட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பூட்டு மென்பொருளில் ஒரு விதி: ‘பங்காளிகள் வளவுக்குள் எப்போதும் வரலாம்.’ புக்கிங் மென்பொருளில் இன்னொன்று: ‘விருந்தினர் தங்கும் நாட்களில் ஊழியரும் விருந்தினரும் தவிர யாரும் உள்கட்டுக்குள் வரக் கூடாது.’

தனித்தனியாகப் படித்தால் இரண்டும் நியாயம். ஒன்றில் ‘வளவு’, மற்றதில் ‘உள்கட்டு’ என்று இருப்பதால், இரண்டும் ஒரே கதவைப் பற்றியவை என்பது சொல்லை ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனைக்குப் பிடிபடாது. படைப்பு அன்று வாசலில்தான் தெரியவரும்.

இந்த மோதலை முன்கூட்டியே பிடிக்க ஆன்டாலஜி உதவும். ஆன்டாலஜி என்பது சொற்களுக்கு இடையிலான உறவைக் கணினி தர்க்கம் செய்யும் வடிவில் எழுதிவைப்பது. அதற்கான ஓடபிள்யூஎல் (OWL) மொழியை, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2004-இல் பரிந்துரைத்தது. இரண்டாம் பதிப்பான ஓடபிள்யூஎல் 2 வந்தது 2009-இல். ஸ்டான்ஃபோர்டில் உருவான புரொட்டேஜே என்ற இலவச ஆன்டாலஜி எழுதும் கருவியும், எழுதியதிலிருந்து தர்க்க முடிவுகளைக் கண்டுபிடிக்கும் ஹெர்மிட் போன்ற ஒரு ரீசனரும் இருந்தால் வேலையைத் தொடங்கலாம்.

முதலில் ஒவ்வொரு விதியையும் ஐந்தாகப் பிரியுங்கள்: யார், என்ன செய்கிறார், எந்தக் கதவு, எந்த நாள், அனுமதியா தடையா. பிறகு சொற்களை வகைப்படுத்த வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். வளவை வீட்டின் துணைவகையாகப் போட்டுவிடுகிறார்கள். வளவு வீட்டின் ஒரு பகுதி. வீட்டில் ஒரு வகை அல்ல. அறைகளை விட்டுவிட்டுக் கதவுகளை வகைப்படுத்தினால் இந்தச் சிக்கலே வராது: வளவுக் கதவு என்பது உள்கட்டுக் கதவுகளில் ஒரு வகை. பூட்டும் கதவில்தானே இருக்கிறது.

அடுத்து, விதி ஒவ்வொன்றையும் ‘வருகை’களின் வகுப்பாக, அதாவது அந்த விதி பொருந்தும் வருகைகளின் தொகுப்பாக, எழுதுங்கள். அனுமதி வகுப்பில் செய்பவர் பங்காளி, கதவு வளவுக் கதவு. தடை வகுப்பில் செய்பவர் ஊழியரோ விருந்தினரோ அல்லாதவர், கதவு உள்கட்டுக் கதவு, நாள் தங்கும் நாள். இரண்டும் வெட்டிக்கொள்ளும் வகுப்பில் ஓர் உறுப்பாவது இருக்க முடியுமா என்று ரீசனரைக் கேளுங்கள். முடியும் என்றால் முரண்பாட்டுக்கு வாய்ப்பு உண்டு. அனுமதியையும் தடையையும் மட்டும் சோடி சேர்த்தால் போதும்: 25 அனுமதி, 15 தடை என்றால் 375 சோடி. மொத்த 40 விதிகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டால் 780 ஆகும்.

செய்பவர், கதவு, நாள் மூன்றையும் ‘ஒரே மதிப்புதான்’ என்று அறிவிக்க மறந்தால், ஒரே வருகைக்கு இரண்டு ஆட்களைக் கற்பனை செய்துகொண்டு ரீசனர் இல்லாத முரண்பாட்டைக் காட்டும். வகைகள் ஒன்றையொன்று விலக்குபவை என்று சொல்லாவிட்டாலும் பொய் எச்சரிக்கை குவியும். அதற்குப் பயந்து எல்லா வகைகளையும் ஒரே சொடுக்கில் விலக்கிவிடுபவர்களும் உண்டு; அது இன்னும் மோசம். பங்காளியே ஹோட்டல் மேனேஜராக இருக்கலாம், அறை எடுத்துத் தங்கும் விருந்தினராகவும் வரலாம். விலக்கிவிட்டால் அவரைப் பற்றிய கேள்வியே எழாது.

இன்னொரு பொறி: ஓடபிள்யூஎல்-லில் பதிவில் இல்லாதது பொய் ஆகிவிடாது. ஊழியர் பட்டியலில் பெயர் இல்லை என்பதற்காக ஒருவரை ‘ஊழியர் அல்லாதவர்’ என்று அது முடிவு செய்யாது. ஆகவே விதிகளைச் சரிபார்க்க மட்டும் இதை வைத்துக்கொண்டு, வாசலில் முடிவெடுக்கும் வேலையைப் பட்டியலை முழுமையானதாகக் கொள்ளும் வேறு எஞ்சினுக்கு விடுவதே சரி.

தீர்வு தனி வேலை. ‘இந்த விதி அந்த விதியை வெல்லும்’ என்று ஓடபிள்யூஎல்-லில் சொல்ல வழியில்லை. புதிய வாக்கியம் சேர்த்தால் பழைய முடிவு நீங்காது. முன்னுரிமையை வெளியேதான் வைக்க வேண்டும். அனுமதி விதிகளை எழுதுவதற்கான எக்ஸ்ஏசிஎம்எல் (XACML) மொழியில் ‘தடையே வெல்லும்’, ‘அனுமதியே வெல்லும்’, ‘முதலில் பொருந்துவதே செல்லும்’ என்ற ஏற்பாடுகள் உண்டு. தடை வென்றால் வீடு பத்திரம். பங்காளிச் சண்டை நிச்சயம். குறுகிய விதி வெல்லட்டும் என்ற வழியும் இங்கே உதவாது, ஏனென்றால் இரண்டில் எதுவும் மற்றதற்குள் முழுதாக அடங்கவில்லை.

சில முரண்பாடுகளைச் சட்டமே தீர்த்துவைக்கும். விருந்தினர் தரவை 30 நாளில் அழிக்கச் சொல்கிறது ஹோட்டலின் ஒரு விதி என்று வைத்துக்கொள்வோம்; ஜிஎஸ்டி கணக்குகளையோ ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். வேறு சட்டம் கேட்கும் தரவை வைத்துக்கொள்ள 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. ஆன்டாலஜியில் பில்லையும் அடையாள அட்டை நகலையும் தனி வகைகளாகப் பிரித்திருந்தால், பில் நிற்கும், நகல் அழியும்.

வளவுக்கு எங்கள் பரிந்துரை, பூட்டு விதியில் ‘எப்போதும்’ என்பதைப் ‘படைப்பு நாளில்’ என்று மாற்றி, அன்று புக்கிங்கையே மூடுவது. அதன்பிறகு படைப்பு நாளும் தங்கும் நாளும் ஒன்றையொன்று விலக்கும் என்று ஆன்டாலஜியில் எழுதலாம். ஆனால் புக்கிங் மென்பொருள் உண்மையில் அந்தத் தேதியை மூடுகிறதா என்று ஒரு சோதனை புக்கிங் போட்டுப் பார்த்த பிறகே அந்த வரியைச் சேர்க்க வேண்டும். முந்தி எழுதிவிட்டால் ரீசனர் ‘முரண்பாடு இல்லை’ என்று சொல்லிவிடும். கையில் பொங்கல் பானையோடு பங்காளி வாசலிலேயே நிற்பார்.