தூண்டில் பெட்டிக்குள் முள் ஏன் துருப்பிடிக்கிறது?

பவானிசாகர் கரையில் ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய மூடிய தூண்டில் பெட்டியை அடுத்த ஞாயிறு திறந்தால், பளபளவென்று இருந்த முள்ளின் வளைவில் செம்மண் அப்பினாற்போலத் துரு. பெட்டியோ காற்றுப் புகாதபடி ரப்பர் விளிம்பு வைத்தது. அதற்காகவே கூடுதல் காசு கொடுத்து வாங்கியது. வெளியீரத்தை உள்ளே விடாத ரப்பர், உள்ளே போய்விட்ட ஈரத்தையும் வெளியே விடாது. கோளாறு அங்கேதான்.

ஒரு சின்னக் கணக்கு. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 10 லிட்டர் பெட்டிக்கு அது 0.3 கிராம். மார்கழி இரவில் வெப்பம் 20 டிகிரிக்கு இறங்கினால் அதே காற்றால் 0.17 கிராமைத்தான் தாங்க முடியும். மிச்சம் 0.13 கிராம், அதாவது இரண்டு மூன்று சொட்டு, முள்ளின் மேலும் மூடியின் அடியிலும் பனியாகப் படியும். கெடுதல்தான், ஆனால் சின்னக் கெடுதல். கை துடைத்த துணியை ஈரத்தோடு சுருட்டி உள்ளே வைத்தால் 20, 30 கிராம் தண்ணீர் சேர்ந்து போகிறது. ஈரத்தை உறிஞ்சப் போடும் ஐந்து கிராம் சிலிக்கா ஜெல் பொட்டலம், ஒன்றரை, இரண்டு கிராம் ஈரத்தை இழுத்ததும் நிரம்பிவிடும். சிலிக்கா போட்டும் துருப்பிடிக்கிறதே என்று புலம்புகிறவர்கள் அந்தத் துணியைத்தான் முதலில் தேட வேண்டும்.

நீல மணி இளஞ்சிவப்பானால் சிலிக்கா நிரம்பிவிட்டது என்று பொருள். பொட்டலத்தைப் பிரித்து மணிகளை மட்டும் 120 டிகிரி சூட்டில் ஓரிரு மணி நேரம் வைத்தால் மறுபடி நீலமாகும். நீல நிறம் கோபால்ட் உப்பால் வருவது, நச்சு. சமையல் வாணலியில் வறுக்கக் கூடாது.

அடுத்தது, எதை எதோடு சேர்த்து வைப்பது. முள் எஃகு, நரம்பு முறுக்காமல் சுழலும் இணைப்பான சுவிவல் பெரும்பாலும் பித்தளை, தூண்டிலை மூழ்கவைக்கும் குண்டு ஈயம். இவை ஒரே அறையில் ஈரத்தோடு உரசிக் கிடந்தால் குட்டி மின்கலம் ஒன்று உருவாகிறது. பித்தளையோடு சேர்ந்தாலும் ஈயத்தோடு சேர்ந்தாலும் இரும்புதான் எலக்ட்ரானை இழந்து அரிபடும். அதனால் முள்ளுக்குத் தனி அறை, சுவிவலுக்கும் ஈயத்துக்கும் வேறு அறை. அஞ்சறைப்பெட்டியில் கடுகும் சீரகமும் கலந்தால் பொறுக்கி எடுத்துக்கொள்ளலாம். இங்கே கலந்ததைப் பிரித்தாலும் துருவேறிய முள் துருவேறியதுதான். அதைத் திரும்ப உள்ளே போடாதீர்கள். துரு பஞ்சு போல ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு பக்கத்து முள்ளையும் கெடுக்கும்.

முள்ளை அலசும் தண்ணீரையும் கவனிக்க வேண்டும். நம் பக்கம் பல ஊர்களில் போர் தண்ணீர் உப்பு. அதில் அலசிக் காயவைத்தால் நீர் போய் உப்பு முள்மேலேயே தங்கும். உப்பிலுள்ள குளோரைடு உலோகத்தின் காப்புப் படலத்தை உடைக்கும், காற்றின் ஈரத்தையும் இழுக்கும். சாயக்கழிவின் உப்பைச் சுமந்த நொய்யலில் போட்ட தூண்டிலுக்கும் இதே கதி. குடிக்கிற நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, விரல் நுனியில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தடவினால் போதும். சூரியகாந்தி எண்ணெய் காற்றுப்பட்டுப் பிசின் போல ஒட்டும். தேங்காய் எண்ணெய் அவ்வளவு எளிதில் அப்படி ஆகாது.

விரால் மீனுக்குப் பொய் இரையாகப் போடும் ரப்பர் தவளை வேறு வகைத் தொல்லை. பெயர்தான் ரப்பர், பெரும்பாலும் பிவிசி பிளாஸ்டிக். மென்மையாக இருப்பதற்காக அதில் எண்ணெய் போன்ற குழைப்பான் சேர்த்திருப்பார்கள். அது மெல்லக் கசிந்து, கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும் பாலிஸ்டைரீன் பெட்டியைக் கரைத்துவிடும். சித்திரை வெயிலில் வண்டிச் சீட்டுக்கு அடியில் ஒரு பகல் கிடந்தால், தவளையும் பெட்டியும் ஒன்றாகி ஒட்டிக்கொள்ளும். பெட்டியின் அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண்ணைப் பாருங்கள். 5 என்றால் பாலிப்ரொப்பிலீன், தாங்கும். 6 என்றால் பாலிஸ்டைரீன், தவளைக்கு ஆகாது. வேறு வேறு ரகத் தவளைகளையும் ஒன்றாகப் போடாமல், வாங்கிய உறையிலேயே விடுவது நல்லது.

தூண்டில் நரம்புக்கு எதிரி வெயில். புற ஊதாக் கதிர் நைலானின் சங்கிலி மூலக்கூறுகளை வெட்டுகிறது. பார்க்கப் புதிதாகவே இருக்கும், கட்லா மீன் இழுக்கும்போது அறுந்துவிடும். ஆகவே நரம்புச் சுருளைத் தெளிந்த மேல்மூடிக்கு நேர் கீழே வைக்காமல் இருட்டான அடித்தட்டில் வையுங்கள். இரண்டு தடிமன் போதும்: ஜிலேபி மீனுக்கு 0.20 மி.மீ., கட்லாவுக்கும் ரோகுவுக்கும் 0.40. தடிமன் இரட்டித்தால் குறுக்குப் பரப்பு நான்கு மடங்கு, தாங்கும் எடையும் ஏறக்குறைய அதே மடங்கு. முடிச்சை இறுக்குமுன் எச்சில் தொட்டு நனைக்கும் பழக்கம் சரியானது. உலர்ந்த நைலான் உரசிச் சூடேறி முடிச்சிலேயே பலமிழக்கும்.

முள்ளின் எண் குழப்பம் தரும். 10, 8, 6, 4, 2, 1 என்று எண் குறையக் குறைய முள் பெரிதாகும். அதற்குப் பிறகு 1/0, 2/0, 3/0 என்று ஏற ஏறப் பெரிதாகும். ஜிலேபிக்கு 10, 8. கெளுத்திக்கு 2, 1. தவளையோடு விராலுக்கு 3/0 பக்கம். ஒவ்வொன்றிலும் பத்து போதும். நூறு முள் சுமந்தால் நூறும் சேர்ந்து துருப்பிடிக்கும், அவ்வளவுதான்.

ஈயம் தண்ணீரைப் போலப் பதினோரு மடங்கு கனம். மேல்தட்டில் வைத்தால், மூடியைத் திறந்து தட்டுகள் முன்னால் விரிந்ததும் பெட்டியே குப்புறக் கவிழும். கீழ்த்தட்டின் பின்பக்கம்தான் அதற்கு இடம். நரம்பில் கிள்ளிப்போடும் சின்ன ஈயத்தைப் பல்லால் கடித்து இறுக்குவது கெட்ட பழக்கம், குறடு வையுங்கள். ஈயம் தொட்ட கையோடு கட்டுச்சோற்றையும் தொடக் கூடாது.

இரை பெட்டிக்குள் வரவே கூடாது. கடலைப் புண்ணாக்கும் தவிடும் பிசைந்த உருண்டை ஒரே நாளில் புளித்து அமிலமாகும். அதன் ஆவி போதும், முள் கறுக்க. மண்புழு தோலால் மூச்சு விடுகிறது. அதற்கு ஈரமும் காற்றும் சேர்ந்தே வேண்டும், மூடிய டப்பாவில் செத்துவிடும். மூடியில் ஓட்டை போட்ட தனி டப்பாவில் ஈரத் தென்னைநார்க் கழிவு நிரப்பினால் ஒரு பகல் தாங்கும். பொள்ளாச்சிப் பக்கம் தாராளமாகக் கிடைக்கிற பொருள்தான், ஆனால் மட்டையிலிருந்து வந்த உப்பு அதில் இருக்கும். மூன்று நான்கு முறை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்த பிறகே புழுவைப் போட வேண்டும்.

வீடு வந்ததும் பெட்டியை மூடி மூலையில் தள்ளாமல், தட்டுகளை விரித்து, மூடியைத் திறந்தபடி மின்விசிறிக்குக் கீழே இரவு முழுக்க வையுங்கள். சிலிக்காவைக் காலையில் போடலாம்.