8 ஜிபி எப்போது போதாமல் போகும்?

கிராபிக்ஸ் கார்டின் சொந்த மெமரியான வீடியோ மெமரி கூடக்கூட கேம் வேகமாக ஓடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. 2023இல் வந்த என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 டிஐ கார்டைப் பாருங்கள். 8 ஜிபி, 16 ஜிபி என்று இரண்டு வகை உண்டு. இரண்டிலும் சிப் ஒன்றே, 128 பிட் மெமரி பஸ் (சிப்புக்கும் மெமரிக்கும் இடையே தரவு போகும் பாதை), நொடிக்கு 288 ஜிபி என்ற வேகமும் ஒன்றே. கேம் 7 ஜிபி கேட்டால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே ஃபிரேம் கணக்கைத்தான் (நொடிக்கு எத்தனை படம் என்பதை) காட்டும். 9 ஜிபி கேட்டால்தான் வித்தியாசம் தெரியும். அது படிப்படியாக வராது, திடீரென்று வந்து விழும்.

காரணம் எளிது. கார்டில் இடம் தீர்ந்ததும் மிச்சத் தரவு கணினியின் ராமுக்குத் தள்ளப்படுகிறது. அதைத் திரும்ப எடுக்க, கார்டை மதர்போர்டுடன் இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியாகத்தான் வர வேண்டும். இந்தக் கார்டு பயன்படுத்துவது அதில் 8 தடங்கள். நான்காம் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸ் உள்ள மதர்போர்டில் அது நொடிக்குச் சுமார் 16 ஜிபி. அதாவது சொந்த மெமரியைவிடப் பதினெட்டு மடங்கு மெதுவு. நொடிக்கு 60 ஃபிரேம் வேண்டுமென்றால் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது 16.7 மில்லிநொடி. அதற்குள் அந்த வழியில் அதிகபட்சம் 270 எம்பிக்கு மேல் நகர்த்த முடியாது. மதர்போர்டு மூன்றாம் தலைமுறை என்றால் அதிலும் பாதி. பழைய போர்டில் 8 ஜிபி கார்டு போடுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

மெமரியை எது தின்கிறது? திரையின் ரெசல்யூஷன்தான் என்பது பாதி உண்மை. 4கே படம் ஒன்றில் சுமார் 83 லட்சம் பிக்சல்; பிக்சலுக்கு 4 பைட் வைத்தால் 32 எம்பிதான். படத்தை உருவாக்கும் வழியில் ஆழம், ஒளி, அசைவு, முந்தைய ஃபிரேம் என்று பல இடைநிலைப் படங்கள் தேவைப்படுவதால் எல்லாம் சேர்ந்து சில நூறு எம்பி, கனமான கேமில் ஒரு ஜிபிக்கு மேல் ஆகும். நிழலுக்கு 4096 பிக்சல் சதுர மேப் நான்கு வைத்தால் இன்னொரு 256 எம்பி. ரே டிரேசிங் (ஒளியின் போக்கைக் கணக்கிட்டுப் படம் வரைவது) போட்டால், ஒளிக்கதிர் எதில் மோதுகிறது என்று தேடுவதற்கான தரவுக் கட்டமைப்பும் மெமரியில் வந்து உட்காரும்.

பெரும்பங்கு டெக்ஸ்சருக்கே, அதாவது பொருள்களின் மேற்பரப்பில் ஒட்டும் படங்களுக்கே. 4096 பிக்சல் சதுரப் படம் ஒன்றைச் சுருக்காமல் வைத்தால் 64 எம்பி. பிசி7 என்ற முறையில் சுருக்கினால் 16 எம்பி. தூரத்தில் தெரியும்போது பயன்படும் சிறிய நகல்களையும் சேர்த்தால் 21. ஒரு சுவருக்கு நிறம், மேடுபள்ளம், சொரசொரப்பு என்று மூன்று படமாவது வேண்டும். ஆக ஒரு பொருளுக்கே 64 எம்பி. இப்படி நூறு பொருள் என்றால் 6 ஜிபி தாண்டிவிடும். அதனால்தான் கேம்கள் எல்லாவற்றையும் ஒரேயடியாக ஏற்றுவதில்லை. கேமரா நெருங்க நெருங்கப் பெரிய நகலைக் கொண்டுவருகின்றன. டெக்ஸ்சரின் பக்க அளவைப் பாதியாக்கினால் மெமரி கால்வாசியாகும். ஆகவே இடம் போதாதபோது முதலில் ஒரு படி இறக்க வேண்டியது டெக்ஸ்சரைத்தான். பல கேம்களில் அல்ட்ரா, ஹை என்ற தர அமைப்புகளுக்கு இடையே கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு சொற்பம். அடுத்து ரே டிரேசிங், ஃபிரேம் ஜெனரேஷன் (இடையிடையே ஃபிரேம்களைச் செயற்கையாக உருவாக்கிச் செருகுவது). இரண்டாவதும் கூடுதல் மெமரி கேட்கும். டிஎல்எஸ்எஸ் போன்ற அப்ஸ்கேலிங்கை (சிறிய படத்தை வரைந்து பெரிதாக்குவதை) நம்பிப் பெரிதாகப் பயனில்லை. அது இடைநிலைப் படங்களைத்தான் சிறிதாக்கும், டெக்ஸ்சரை அல்ல.

அளக்கும்போது ஒரு பொறி உண்டு. மென்பொருள் காட்டும் எண், கேம் ஒதுக்கி வைத்திருப்பது. உண்மையில் தேவைப்படுவது அதைவிடக் குறைவாக இருக்கலாம். 24 ஜிபி கார்டில் 14 ஜிபி காட்டும் கேம், 12 ஜிபியில் குறையில்லாமல் ஓடக்கூடும். விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் ஜிபியு (கிராபிக்ஸ் சிப்) பக்கத்தில் தனி மெமரி, பகிர்ந்த மெமரி என இரண்டு வரைபடம் இருக்கும். பகிர்ந்ததில் சில நூறு எம்பி எப்போதும் இருக்கும், அது இயல்பு. தனி மெமரி நிரம்பி நின்று, பகிர்ந்தது ஏறிக்கொண்டே போனால்தான் சிக்கல். மெனு திரையில் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். அரைமணி நேரம் ஆடி, இரண்டு மூன்று பகுதிகளுக்குப் போய்வந்து பாருங்கள். பின்னணியில் திறந்திருக்கும் பிரவுசரும் இரண்டாவது மானிட்டரும்கூடக் கொஞ்சம் பிடித்து வைத்திருக்கும்.

சராசரி ஃபிரேம் கணக்கை மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள். சராசரி 70 காட்டும்போதே காட்சி திக்கித் திக்கி ஓடலாம். மிக மெதுவான 1 சதவீத ஃபிரேம்களின் வேகத்தைச் சொல்லும் ‘1 சதவீதத் தாழ்வு’ எண் அதைக் காட்டிக்கொடுக்கும். சில கேம்கள் இன்னும் தந்திரமானவை. திக்கவே திக்காது, ஆனால் சுவரும் முகமும் மங்கலாகவே நிற்கும்; மெமரி போதாமல் கேமே தரத்தைச் சத்தமில்லாமல் குறைத்திருக்கும். ஷேடர் (சிப் ஓட்டும் வரைதல் நிரல்) தயாராகும்போதும் திக்கும், இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது பெரும்பாலும் ஒரு காட்சியை முதல்முறை பார்க்கும்போது மட்டும் வரும். மெமரிப் பற்றாக்குறையோ அதே இடத்துக்கு மறுபடி போனாலும் வரும்.

கார்டு நிறுவனங்கள் ஏன் 8, 12, 16 என்றே தருகின்றன? மெமரி சிப் ஒவ்வொன்றும் 32 பிட் அகலம். 2 ஜிபி சிப் என்றால் 128 பிட் பஸ்ஸில் நான்கு, ஆக 8 ஜிபி. பலகையின் பின்புறமும் பொருத்தினால் 16. 192 பிட்டுக்கு ஆறு சிப், 12 ஜிபி. ஆர்டிஎக்ஸ் 3060இல் 12 ஜிபியும், அதைவிட வேகமான 3060 டிஐயில் 8 ஜிபியும் இருக்கும் விநோதத்துக்கும் இந்தக் கணக்கே காரணம். டிஐயின் பஸ் 256 பிட்; எட்டு 1 ஜிபி சிப்.

2020இல் வந்த பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டிலும் 16 ஜிபி பொது மெமரி; ராமும் வீடியோ மெமரியும் அதுவே. பெரிய கேம்கள் அந்த அளவை மனதில் வைத்து உருவாவதால் 8 ஜிபி இப்போது இறுக்கமாகத் தெரிகிறது. போட்டி வகை கேம்களை 1080பி ரெசல்யூஷனில் ஆட 8 தாராளம். புதிய பெரிய கேம்களுக்கு 1080பியிலும் டெக்ஸ்சரைக் குறைக்கச் சம்மதம் என்றால் மட்டும் 8. 1440பிக்கு 12, 4கேயுடன் ரே டிரேசிங் என்றால் 16. மெதுவான சிப்புக்கு அதிக மெமரி வீண் என்பார்கள், முழுக்கச் சரியல்ல. டெக்ஸ்சர் தரம் சிப்பின் கணக்கிடும் திறனை அதிகம் கேட்காது, இடத்தைத்தான் கேட்கும். ஆனால் வாங்கும்போதே தீர்மானிக்க வேண்டும்: கார்டிலும் லேப்டாப்பிலும் வீடியோ மெமரி சால்டர் செய்தே வருகிறது, ராம் போலப் பிறகு வாங்கிச் செருக முடியாது.