கீமோவும் கூந்தலும்: மயிர்க்காலில் நடப்பது என்ன?

கடலூர்க்காரர்களுக்கு மொட்டைத் தலை புதிதல்ல. திருப்பதி போக முடியாதவர்கள் திருவந்திபுரம் தேவநாத சுவாமி கோயிலில் முடி காணிக்கை செலுத்திவிட்டு, சந்தனம் பூசிய தலையோடு பஸ் ஏறுவார்கள். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதே ஊரிலிருந்து புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்குப் புற்றுநோய்க்கான கீமோ மருந்து ஏற்றிக்கொள்ளப் போய்வரும் ஒரு பெண்ணின் முக்காடு சற்று விலகினால் மட்டும் "ஏம்மா, உடம்புக்கு என்ன?" என்று கேள்வி வந்துவிடும். இரண்டு தலையிலும் முடி இல்லைதான். தோலுக்கு அடியில் நடந்திருப்பதோ முற்றிலும் வேறு.

மழிக்கிற கத்தி எடுத்துச் செல்வது தோலுக்கு வெளியே நீண்டிருக்கும் உயிரற்ற இழையை. அந்த இழை உருவாகும் இடம் உள்ளே சில மில்லிமீட்டர் ஆழத்தில், மயிர்க்காலின் அடிக்குமிழில் இருக்கிறது. அங்குள்ள செல்கள் உடம்பிலேயே மிக வேகமாகப் பிரிபவற்றைச் சேர்ந்தவை. மாதத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. முடி வளர்வது அதனால்தான். தலையில் உள்ள சுமார் 1 லட்சம் முடிகளில் 85 முதல் 90 சதவீதம் எந்த நேரத்திலும் வளர்ந்துகொண்டே இருக்கும். மிச்சம் ஓய்வில் இருக்கும்.

கீமோ மருந்துகள் பலவும் பிரிகிற செல்லைத் தாக்குபவை. அது புற்றுச்செல்லா மயிர்க்கால் செல்லா என்று அவை பார்ப்பதில்லை. சேதமான செல்லைத் தானே மடியச் செய்யும் பி53 என்ற புரதத்துக்கும் இதில் பங்கு உண்டு. அந்தப் புரதம் இல்லாத சுண்டெலிகளுக்கு மருந்து கொடுத்தும் முடி கொட்டவில்லை என்று 2000-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

குமிழில் உற்பத்தி தடைபட்டதும் முடித்தண்டு அந்த இடத்தில் சிறுத்துப்போகிறது. முதல் கீமோ முடிந்து 2, 3 வாரங்களில் சீப்பு பட்டாலே, தலையணையில் உரசினாலே கொத்தாக வந்துவிடுவது இதனால்தான். உதிர்ந்த முடியை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் வேர்ப்பக்கம் கூராகக் குறுகியிருக்கும். புருவமுடி தன் காலத்தில் பெரும்பகுதியை ஓய்விலேயே கழிப்பதால், பலருக்கு அது தாமதமாகத்தான் உதிர்கிறது.

எல்லா மருந்தும் ஒன்றல்ல. சிவப்பாக ஏறும் டாக்ஸோரூபிசின், பேக்ளிடாக்ஸல், டோசிடாக்ஸல் போன்றவை தலையை வெறுமையாக்கிவிடக்கூடும். கேப்சிடபைன் மாத்திரையில் முடி ஓரளவு மெலிவதோடு பெரும்பாலும் நின்றுவிடும். கதிர்வீச்சுச் சிகிச்சையோ, அது பட்ட இடத்து முடியை மட்டுமே பாதிக்கும். மார்பில் கொடுத்தால் தலைமுடி கொட்டாது. "எனக்கு முடியே கொட்டவில்லை, மருந்து பிடிக்கவில்லையோ" என்ற கவலை வார்டுகளில் அடிக்கடி காதில் விழும். வீண் கவலை. முடி கொட்டுவதை வைத்துக் கட்டி கரைவதை அளக்க முடியாது.

எப்படியும் போகிற முடிதானே, வேண்டுதலாகக் கொடுத்துவிடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அது நல்ல முடிவாகவே படுகிறது, நாள் பார்த்துச் செய்தால். நான் சொல்வது பஞ்சாங்க நாள் அல்ல. கீமோ ஏறிய பின் சுமார் 7 முதல் 14 நாட்களுக்குள் வெள்ளையணுக்கள் பெரும்பாலும் மிகவும் குறைந்திருக்கும். அப்போது சவரக்கத்தியின் சிறு கீறல்கூடக் கிருமி நுழைய வழியாகிவிடும். கீமோ தொடங்கும் முன்பே மொட்டை போட்டுக்கொள்வது நல்லது. பிறகுதான் என்றால் டிரிம்மர் போதும், கத்தி வேண்டாம்.

முடியைக் காக்கும் வழி ஒன்று உண்டு: குளிர்த்தொப்பி. கீமோவுக்கு அரைமணி முன்பிருந்து மருந்து முடிந்த பிறகும் வெகுநேரம் தலையைக் குளிர்வித்தால், ரத்தக்குழாய்கள் சுருங்கி மயிர்க்காலுக்குப் போகும் மருந்து குறைகிறது. செல்களின் வேகமும் தணிகிறது. 2017-ல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், இதை அணிந்த மார்பகப் புற்றுநோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பெரும்பகுதி முடி தங்கியது. அணியாதவர்களில் ஒருவருக்கும் தங்கவில்லை. ரத்தப் புற்றுநோய்க்கு இது ஆகாது. குளிரும் தலைவலியும் சிலரைப் பாதியிலேயே கழற்ற வைத்துவிடும். இந்தத் தொப்பி எல்லா மருத்துவமனையிலும் இருப்பதில்லை, ஆகவே முதல் கீமோவுக்கு முன்பே விசாரிக்க வேண்டும்.

உறவினர்கள் கொண்டுவரும் கரிசலாங்கண்ணித் தைலம் இந்த உதிர்தலை நிறுத்தாது. அன்பு அன்பாக இருக்கட்டும், மூலிகைப் பூச்சால் எரிச்சல் வேண்டாம். மென்மையான ஷாம்பு போதும். விக் வைப்பதானால் முடி போவதற்கு முன்பே வாங்கினால் நிறமும் வகிடும் பொருத்திப் பார்க்கலாம். ஆனால் இந்தக் கரையோரப் புழுக்கத்தில் மே மாதம் முழுக்க அதை அணிந்திருப்பது தண்டனை. பழைய பருத்திப் புடவைத் துண்டைத் தலையில் கட்டிக்கொள்வது எவ்வளவோ மேல். வெறுந்தலைத் தோல் வெயிலில் எளிதில் பொசுங்கும் என்பதால் குடையும் வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு முடி திரும்பி வருகிறதே, எப்படி? மயிர்க்காலின் மேற்பகுதியில் ஒரு புடைப்பில், புதுச் செல்களை உருவாக்கும் குருத்தணுக்கள் (ஸ்டெம் செல்கள்) இருக்கின்றன. அவை மெதுவாகப் பிரிபவை என்பதால் மருந்தின் கண்ணில் அதிகம் படுவதில்லை. நாற்றங்கால் அழிந்தாலும் விதைநெல் குதிரில் கிடப்பதுபோல அவை தப்பிவிடுகின்றன. கடைசிக் கீமோ முடிந்து சில வாரங்களில் பூனைமுடி அரும்பும். 3 முதல் 6 மாதங்களில் தலை மூடும். நேராக இருந்தது சிலருக்குச் சுருண்டு வரும், நிறமும் மாறியிருக்கும்; இவை பெரும்பாலும் நாளடைவில் பழையபடி ஆகிவிடும். குறிப்பாக டோசிடாக்ஸல் பெற்றவர்களில் சிலருக்குப் பழைய அடர்த்தி திரும்புவதில்லை. 6 மாதம் கடந்தும் மண்டைத் தோல் தெரிந்தால் தோல் மருத்துவரிடம் காட்டி, முடி வளரத் தடவும் மினாக்ஸிடில் மருந்தைப் பயன்படுத்தலாமா என்று கேட்கலாம்.