'உயிரிழந்தார்' என்று எழுதும் முன்

அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் இறந்த சில மணி நேரத்தில் மினியாபொலிஸ் போலீசார் ஒரு செய்திக்குறிப்பு விட்டார்கள். 2020 மே மாதம். போலீசாரிடம் சிக்கிய ஒருவர் உடல்நிலை பாதிக்கப்பட்டு இறந்தார் என்பதுதான் சாரம். அவர் கழுத்தை அழுத்திய போலீஸ்காரரின் முழங்கால் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. டார்னெல்லா ஃபிரேசியர் என்ற 17 வயதுப் பெண் செல்போனில் எடுத்த வீடியோதான் குறிப்பைப் பொய்யாக்கியது. அது மட்டும் இல்லையென்றால், இரவுப் பணியில் இருந்த என்னைப் போன்ற துணை ஆசிரியர் 'விசாரணையின்போது மயங்கியவர் சாவு' என்று நாலு வரியில் முடித்திருப்பார்.

சொன்னதை அப்படியே அச்சிடும் இந்தப் பழக்கத்தோடு முதலில் மல்லுக்கட்டியவர்களில் ஒருவர் ஐடா பி. வெல்ஸ். கறுப்பினப் பெண், அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் 'ஃப்ரீ ஸ்பீச்' பத்திரிகையின் ஆசிரியர். கும்பலாகச் சேர்ந்து கறுப்பர்களைக் கொல்வதற்கு அவர்கள் செய்த பாலியல் வன்கொடுமைதான் காரணம் என்று பத்திரிகைகள் எழுதியதை அவரும் ஓரளவு நம்பியிருந்தார். 1892 மார்ச்சில் அவருடைய நண்பர் தாமஸ் மாஸும் வேறு இருவரும் கொல்லப்பட்டார்கள். மாஸ் செய்த குற்றம், வெள்ளைக்காரர் கடைக்குப் போட்டியாக மளிகைக்கடை நடத்தியது. அப்புறம்தான் வெல்ஸ் கணக்கெடுக்க உட்கார்ந்தார். வெள்ளையர் நடத்திய 'சிகாகோ ட்ரிப்யூன்' பட்டியலையே எடுத்துக்கொண்டார். இட்டுக்கட்டியது என்று யாரும் வாய் திறக்க முடியாதே! எட்டு ஆண்டுகளில் கும்பல்கள் கொன்ற கறுப்பர்கள் 728 பேர். பாலியல் வன்கொடுமை என்ற குற்றச்சாட்டாவது சுமத்தப்பட்டவர்கள் அதில் மூன்றில் ஒரு பங்குதான். அதே 1892 மே மாதம் அவர் ஊரில் இல்லாதபோது வெள்ளையர் கும்பல் அவருடைய பத்திரிகை அலுவலகத்தை அடித்து நொறுக்கியது. 2020இல் அமெரிக்கப் பத்திரிகை விருதான புலிட்சரின் சிறப்பு அங்கீகாரம் வந்தது, அவர் இறந்து 89 ஆண்டு கழித்து.

நம் ஊரில் இதே வேலையைச் செய்யும் சொல் 'இரு தரப்பினர் மோதல்'. ஸ்டேஷனிலிருந்து வந்த குறிப்பை நம்பி ஒருமுறை நானும் அப்படித்தான் தலைப்பு வைத்தேன். அடி வாங்கிய தெருவிலிருந்து ஒரு பெரியவர் மறுநாள் போன் செய்தார். கோபமே இல்லாத குரல். "தம்பி, மோதல்னா எங்க கையிலயும் ஒரு கம்பு இருந்திருக்கணும்ல?" என்று கேட்டார். திருத்தம் போட்டோம், உள்பக்கத்தில், ஒற்றைப் பத்தியில். தலைப்பு வந்தது முதல் பக்கத்தில்.

இப்போது புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு முதல் வாரம் ஒரே வேலைதான். போலீஸ் குறிப்பில் உள்ள 'உயிரிழந்தார்', 'மோதல்' எல்லாவற்றையும் சிவப்பு மையில் வட்டமிட்டு, யார் கையால், யார் சொன்னது என்று பக்கத்தில் எழுத வேண்டும். பாதி இடம் காலியாகவே திரும்பி வரும். சரி, போன் நம்பரைத் தேடு என்பேன்.