மாவு எப்போது பொங்கியது? கல்லீரல் செல்லுக்குள் ஒரு மரபணுவை அளப்பது

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "என் தங்கைக்கு டி.பி. வந்து ஆறு மாத மருந்து சாப்பிடுகிறாள். கருத்தடை மாத்திரையும் எடுத்துக்கொள்கிறாள். இந்த மருந்து முடியும்வரை அந்த மாத்திரையை மட்டும் நம்பியிருக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நுரையீரலுக்குக் கொடுக்கும் மருந்துக்கும் கருத்தடைக்கும் என்ன சம்பந்தம்? இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?"

முதல் கேள்விக்கு விடை சின்னது. காரணம் ரிஃபாம்பிசின். சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்குமே, அந்த மருந்துதான். அது கல்லீரலைத் தூண்டி, சிப் 3ஏ4 என்ற நொதியை வழக்கத்தைவிட அதிகமாகச் செய்ய வைக்கிறது. நாம் விழுங்கும் மருந்துகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானவற்றைச் சிதைத்து வெளியே அனுப்புவது இந்த நொதியின் வேலை. கருத்தடை மாத்திரையின் ஹார்மோன்களும் இதன் கையில் சிக்குபவைதான். நொதி பெருகினால் ஹார்மோன் சீக்கிரம் தீர்ந்துபோகும், அளவு போதாமல் போகும். 1970களின் தொடக்கத்தில், இரண்டு மருந்தையும் சேர்த்து எடுத்துக்கொண்ட பெண்களுக்கு மாதவிடாய் முறை தவறியதைப் பார்த்துத்தான் மருத்துவர்களுக்கு முதலில் சந்தேகம் வந்தது.

இரண்டாவது கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு மருந்து ஒரு மரபணுவை எத்தனை மடங்கு உசுப்பியது என்று எப்படி அளக்கிறார்கள்?

மரபணு டி.என்.ஏ.வில் இருக்கிறது, அதைப் படியெடுத்தால் தூது ஆர்.என்.ஏ., அதைப் படித்தால் புரதம். இது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். படியெடுக்கும் வேகம் கூடுவதும் குறைவதும்தான் மரபணு வெளிப்பாடு. கல்லீரல் செல்லில் பி.எக்ஸ்.ஆர். என்றொரு ஏற்பிப் புரதம் இருக்கிறது. ஏற்பி என்றால், வந்து சேரும் மூலக்கூறைத் தன் குழியில் பிடித்து செல்லுக்குச் செய்தி சொல்லும் புரதம். 1998இல் கண்டுபிடித்தார்கள். பல ஏற்பிகளுக்கு ஒரு பூட்டுக்கு ஒரு சாவி என்ற கறார் உண்டு. இதன் குழியோ விசாலமானது, பல வடிவ மூலக்கூறுகள் அதில் உட்காரும். வெளியிலிருந்து வந்த ஏதாவது ஒன்று உட்கார்ந்தால், பி.எக்ஸ்.ஆர். தன் கூட்டாளிப் புரதத்துடன் சேர்ந்து சிப் 3ஏ4 மரபணுவுக்கு முன்னால் போய் ஒட்டிக்கொண்டு படியெடுப்பை முடுக்கிவிடும். புதிதாக ஏதோ உள்ளே வந்துவிட்டது, சிதைக்க ஆள் அனுப்பு என்பதுதான் அதன் செய்தி.

இதில் எனக்கு அலுக்காத ஒரு விஷயம் உண்டு. டி.பி. கிருமியை ரிஃபாம்பிசின் எப்படிக் கொல்கிறது? கிருமியின் ஆர்.என்.ஏ. படியெடுக்கும் நொதியைப் பிடித்துக்கொண்டு, அதை நகரவிடாமல் செய்கிறது. கிருமிக்குள் படியெடுப்பை நிறுத்தும் அதே மூலக்கூறு, நம் கல்லீரலுக்குள் படியெடுப்பைக் கூட்டுகிறது.

சரி, சோதனைக்கு வருவோம். எலியில் பார்த்தால் போதாதா? போதாது. எலியின் பி.எக்ஸ்.ஆர். குழி கொஞ்சம் வேறு மாதிரி, ரிஃபாம்பிசினை அது அவ்வளவாகக் கண்டுகொள்ளாது. அதனால் மனிதக் கல்லீரல் செல்களே வேண்டும். தானமாக வந்து, வேறொருவருக்குப் பொருத்த முடியாமல் போன கல்லீரல்களிலிருந்து செல்களைப் பிரித்து, திரவ நைட்ரஜனில் உறையவைத்து வைத்திருக்கிறார்கள். ஆளுக்கு ஆள் கல்லீரல் மாறும் என்பதால், குறைந்தது மூன்று பேருடைய செல்களிலாவது பார்க்கும்படி மருந்துக் கட்டுப்பாட்டு வழிகாட்டிகள் சொல்கின்றன.

செல்களைத் தட்டில் ஒட்டவைத்து, ரிஃபாம்பிசினை வழக்கமாக 10 மைக்ரோமோலார் செறிவில் கொடுப்பார்கள். லிட்டருக்கு சுமார் 8 மில்லிகிராம். மாத்திரை சாப்பிட்டவரின் இரத்தத்தில் உச்ச நேரத்தில் கிட்டத்தட்ட இந்த அளவு இருக்கும். மருந்தை டி.எம்.எஸ்.ஓ. என்ற திரவத்தில் கரைத்துத்தான் ஊற்ற முடியும். அந்தத் திரவமே செல்லின் நடத்தையை மாற்றக்கூடியது. ஆகவே மருந்து பெறாத தட்டிலும் அதே திரவத்தை அதே அளவு ஊற்ற வேண்டும். தினமும் ஊட்டத் திரவத்தை மாற்றி, இரண்டு மூன்று நாள் காத்திருந்து, செல்களை உடைத்து ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுக்கிறார்கள். நம் விரல் நுனியிலேயே ஆர்.என்.ஏ.வைத் தின்னும் நொதிகள் உண்டு என்பதால், கையுறை இல்லாமல் தொட்டால் மூன்று நாள் உழைப்பும் போச்சு. அப்புறம், 1970இல் டெமினும் பால்டிமோரும் தனித்தனியே கண்டுபிடித்த தலைகீழ்ப் படியெடுப்பு நொதியைக் கொண்டு ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றுகிறார்கள்.

இனிமேல் வருவது கொரோனா காலத்தில் எல்லார் வாயிலும் புழங்கிய ஆர்.டி.–பி.சி.ஆர்.தான். சிப் 3ஏ4 படியை மட்டும் தேடிப் பிடித்து ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பாக்குவது. ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும், பத்து சுற்றில் ஆயிரத்தைத் தாண்டும். ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. நாற்பது சுற்று ஓட்டிவிட்டு, கடைசியில் எந்தக் குழாயில் டி.என்.ஏ. அதிகம் என்று பார்த்தால், எல்லாக் குழாயிலும் ஏறக்குறைய ஒரே அளவு இருக்கும்!

இட்லி மாவை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே மாவை இரண்டு பாத்திரத்தில் ஊற்றுகிறோம். ஒன்றில் ஒரு கரண்டி நேற்றைய புளித்த மாவைக் கலக்கிறோம், மற்றதில் ஒரு சொட்டு மட்டும். காலையில் எழுந்து பார்த்தால் இரண்டும் பொங்கியிருக்கும். எதில் பழைய மாவு அதிகம் விழுந்தது என்று காலையில் பார்ப்பவரால் சொல்ல முடியாது. நுண்ணுயிர்கள் இரண்டிலும் பெருகி, தின்பதற்கு ஏதுமில்லாமலோ புளிப்பு தாங்காமலோ ஓரிடத்தில் நின்றிருக்கும். ஆனால் இரவெல்லாம் விழித்திருந்து பார்த்தவருக்குத் தெரியும். கரண்டி மாவு கலந்த பாத்திரம் முதலில் பொங்கியது, சொட்டு விழுந்தது பிறகு. எவ்வளவு பொங்கியது என்பதில் விடை இல்லை. எப்போது பொங்கியது என்பதில் இருக்கிறது.

பி.சி.ஆர். குழாயிலும் அதேதான். மூலப்பொருள்கள் தீர்ந்ததும் எல்லாக் குழாயும் ஒரே உயரத்தில் நின்றுவிடும். எனவே ஒவ்வொரு சுற்றையும் விழித்திருந்து பார்க்க வேண்டும். 1990களின் தொடக்கத்தில் ரஸ்ஸல் ஹிகுச்சியும் அவருடைய சகாக்களும் இதைத்தான் செய்தார்கள். டி.என்.ஏ.வுக்குள் புகுந்தால் ஒளிரும் சாயத்தைக் குழாயில் கலந்து, சுற்றுக்குச் சுற்று கேமராவால் பார்த்தார்கள். ஒளி ஒரு குறிப்பிட்ட கோட்டைத் தாண்டும் சுற்றுதான் சி.டி. மதிப்பு. கொரோனா ரிப்போர்ட்டில் பார்த்திருப்பீர்களே, அதுவே. ஒரு சுற்று முன்னதாகத் தாண்டினால், தொடக்கத்தில் இரண்டு மடங்கு இருந்தது என்று பொருள். பத்து மடங்கு இருந்தால் மூன்று சுற்றுக்குச் சற்றுக் கூடுதலாக முந்தும். கண்ணுக்குத் தெரியாத மூலக்கூறுகளை, கோட்டைத் தாண்டிய நேரத்தை வைத்து எண்ணுகிறோம். இந்த யோசனையின் எளிமை எனக்கு இன்னும் பரவசம் தருகிறது.

கணக்குக்காகச் சில எண்கள் வைத்துக்கொள்வோம். மருந்தில்லாத செல்லில் சிப் 3ஏ4 26ஆம் சுற்றில் கோட்டைத் தாண்டுகிறது, மருந்து கொடுத்ததில் 22இல். வித்தியாசம் நான்கு, அதாவது 16 மடங்கு. ஆனால் ஒரு குழாயில் செல்களே அதிகமாக விழுந்திருந்தால்? அதைப் பிடிக்க, மருந்து வந்தாலும் வராவிட்டாலும் அசையாத ஒரு மரபணுவையும் கூடவே அளக்கிறார்கள். சர்க்கரையை எரிக்க உதவும் காப்டிஹெச் போன்ற ஒன்று. அது இரண்டிலும் 18இல் தாண்டினால் 16 மடங்கு உண்மை. மருந்துக் குழாயில் அது 17இலேயே தாண்டினால், ஆர்.என்.ஏ.வே இரட்டிப்பாக விழுந்திருக்கிறது, உண்மையான உயர்வு 8 மடங்குதான். அந்த அசையாத மரபணுவும் மருந்தால் அசைந்துவிட்டால் மொத்தக் கணக்கும் கவிழும். எனவே அதையும் முதலில் சோதித்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்தப் படியைத் தாவிவிட்டு எழுதப்படும் ஆய்வுகளைப் படிக்கும்போது எனக்குக் கோபம் வரும்.

இப்போது ஒரு புது மருந்தைச் சோதிக்கும்போது, பக்கத்துத் தட்டில் ரிஃபாம்பிசினையும் வைப்பார்கள். அது ஏற்றிக் காட்டவில்லை என்றால், செல்களில் கோளாறு, அன்றைய சோதனை செல்லாது. டி.பி. மருந்து இப்படி ஆய்வுக்கூடங்களில் அளவுகோலாகிவிட்டது.

இங்கே என் கருத்து ஒன்று. "மூலிகைதானே, எந்த மருந்தோடும் சாப்பிடலாம்" என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஐரோப்பாவில் மனச்சோர்வுக்குச் சாப்பிடும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகையும் இதே பி.எக்ஸ்.ஆர். குழியில் உட்காரும். 2000இல் ஸூரிச்சிலிருந்து வந்த ஒரு மருத்துவ அறிக்கையில், மாற்று இதயம் பொருத்திய இருவர் அதைச் சாப்பிட, உறுப்பைக் காக்கும் சைக்ளோஸ்போரின் இரத்தத்தில் குறைந்து, உடல் அந்த இதயத்தை நிராகரிக்கத் தொடங்கியது. ரிஃபாம்பிசினின் மூலமும் இயற்கைதான், பிரான்ஸ் மண்ணில் கிடைத்த ஒரு பாக்டீரியா. நம் கடைகளில் விற்கும் சூரணங்களையும் லேகியங்களையும் கல்லீரல் செல்லில் போட்டுப் பார்த்து, முடிவை எல்லாரும் படிக்கும்படி வெளியிட அரசு நிதி ஒதுக்க வேண்டும். டி.பி. நோயாளி வீட்டிலிருந்தபடியே மருந்து சாப்பிட்டாலும் குணமாவார் என்று 1959இல் உலகத்துக்குக் காட்டியது சென்னையில் நடந்த ஆய்வு. அந்த ஆய்வும் இப்படி ஓர் எளிய கேள்விக்கு விடை தேடியதுதான்.

வாசகரின் தங்கைக்கு வருவோம். டி.பி. மருந்தை எக்காரணம் கொண்டும் நிறுத்தக் கூடாது. காப்பர்-டி போன்ற ஹார்மோன் இல்லாத முறைகளை ரிஃபாம்பிசின் பாதிக்காது, டாக்டரிடம் கேட்கலாம். மருந்து முடிந்த மறுநாளே பழைய மாத்திரையை நம்பிவிடவும் வேண்டாம். ரிஃபாம்பிசின் போனதும் படியெடுப்பு சீக்கிரம் அடங்கிவிடும். ஏற்கெனவே செய்து குவித்த நொதி குறைந்து பழைய நிலைக்கு வர ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். அதற்கு மேலும் கொஞ்சம் இடைவெளி விட்டு, நான்கு வாரம் மாற்று முறையைத் தொடரச் சொல்கிறார்கள்.